பன்னிரண்டு வயதான டர்போ சிரோக்கோவை வாங்கலாமா?

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கார் 2013இல் சிங்கப்பூரில் பதிவானது, 2 லிட்டர் டர்போ எஞ்சின், ஓடியது 140,000 கிலோமீட்டர், வாகன உரிமைச் சான்றிதழ் (கார் வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் பத்தாண்டு அனுமதி) ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டு 2028 வரை செல்லும் என்று எழுதியிருக்கிறீர்கள். "இந்த வயதுக் காரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?" என்பது உங்கள் கேள்வி. உங்களுக்கு முப்பது வயதை ஒட்டி இருக்கும், வீட்டில் பெரியவர் ஒருவர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார், ஆனாலும் விளம்பரப் படங்களை இரவில் மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். நானும் அப்படித்தான் வாங்கினேன். 2010இல் பதிவான ஃபோக்ஸ்வேகன் சிரோக்கோவை 2017இல் வாங்கி, 2020இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்து, 2025 அக்டோபரில் பதிவு நீக்கத்துக்குக் கொடுத்தவன் நான்.

சிரோக்கோ கூப்பே (இரண்டு கதவுள்ள, கூரை பின்னால் சரிந்த கார்) அன்று, மூன்று கதவு ஹேட்ச்பேக்தான் என்று திருத்துவதற்கு யாராவது வருவார். பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முன்னிருக்கையை மடித்துவிட்டு, ஒரு கையால் சேலையைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து என் அம்மா பின்னால் ஏறி உட்காருவதைப் பார்த்தவர் எவரும் அதைக் கூப்பே என்று ஒப்புக்கொள்ளாமல் இருக்கமாட்டார். அம்மா அந்தப் பின்னிருக்கைக்குக் குகை என்று பெயர் வைத்திருந்தார்.

முதலில் விலை. நீங்கள் கொடுக்கப்போகும் தொகையில் பெரும்பகுதி சான்றிதழில் மீதமுள்ள நாட்களுக்கானது. பத்து ஆண்டு முடிந்து புதுப்பித்த காருக்குப் பதிவு நீக்கும்போது கிடைக்க வேண்டிய வரிக்கழிவு, அதாவது முதல் பதிவின்போது கட்டிய வரியில் திரும்பி வரும் பங்கு, போய்விடும்; மிஞ்சுவது சான்றிதழின் பயன்படுத்தாத காலத்துக்கான தொகை மட்டுமே. உங்கள் விற்பனையாளர் புதுப்பித்த 2023ஆம் ஆண்டில், பெரிய கார்களுக்கான பிரிவின் ஏல விலை ஏறிக்கொண்டே போய் அக்டோபரில் 150,001 வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தொட்டது. புதுப்பிப்புக் கட்டணம் முந்தைய மூன்று மாத ஏல விலைகளின் சராசரி, ஐந்தாண்டுக்கு என்றால் அதில் பாதி. ஆக, அவர் பெரிய தொகை கட்டியிருப்பார், அதை உங்களிடமிருந்து எடுக்கப் பார்ப்பார். இன்றைக்கே பதிவை நீக்கினால் நிலப் போக்குவரத்து ஆணையம் எவ்வளவு திருப்பித் தரும் என்பதை அவரையே எடுத்துக் காட்டச் சொல்லி, கேட்கும் விலையிலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள். மிஞ்சுவதுதான் காரின் விலை. ஐந்தாண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி நீட்டிக்க முடியாது என்பதால் 2028இல் அதன் ஆயுள் முடிந்தது. அதற்கு மேல் கனவு காண வேண்டாம்.

சாலை வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1,984 சிசி எஞ்சினுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,190 வெள்ளி. பத்து வயதுக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு வீதம் கூடி ஐம்பதில் போய் நிற்கும். கடைசி ஆண்டில் நான் கட்டியது 1,790 வெள்ளிக்கு அருகில்.

இனி நீங்கள் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவுக்கு வருகிறேன்.

2019இல் மலேசியாவின் சிரம்பானில் உறவினர் வீட்டுத் திருமணம். சிங்கப்பூர் விதிப்படி முக்கால் டாங்கிக்கு மேல் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, எல்லையைக் கடந்து, நால்வராகப் போய்க்கொண்டிருந்தோம். யோங் பெங் தாண்டியதும் சாலை மெல்ல ஏறும் ஓரிடத்தில் மிதியை அழுத்தினால் சுழற்சிமானியின் முள் ஏறுகிறது, கார் ஏறவில்லை. எங்கிருந்தோ டயரில் காற்று இறங்குவதைப் போல ஒரு சீறல். மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது. செம்பனைக் குலைகளை ஏற்றிய லாரி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. "என்னடா, லாரியெல்லாம் முந்திப் போகுது!" என்று குகையிலிருந்து குரல் வந்தது. எண்பதிலேயே உருட்டிக்கொண்டு போய், திருமணத்தை முடித்து, எண்பதிலேயே திரும்பி வந்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் நான் போன பட்டறையில் குளிரூட்டிய காத்திருப்பு அறையும் காப்பி இயந்திரமும் இருந்தன. கணினியைச் செருகினார்கள், பூஸ்ட் அழுத்தம் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) குறைவு என்று பிழைக்குறி வந்தது. அவ்வளவுதான், டர்போ போய்விட்டது என்று தீர்ப்பு எழுதி 4,300 வெள்ளிக்கு மதிப்பீட்டுத் தாளை நீட்டினார்கள். எந்தப் பாகத்தைக் கழற்றிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். "ஒன்பது வயதாகிவிட்டதே சார், இது எதிர்பார்த்ததுதான்" என்பதே பதில். அந்தப் பதிலுக்கு 120 வெள்ளி பரிசோதனைக் கட்டணம் கட்டிவிட்டு வந்தேன். எந்தப் பட்டறை என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம், சொல்லமாட்டேன். காரின் வயதையே நோயாக எழுதிக் கொடுக்கும் பழக்கம் ஒரு கடையோடு நின்றுவிடவில்லை என்பதால் பெயரைச் சொல்லியும் பயனில்லை.

நண்பர் ஒருவர் சொன்னதை வைத்துச் சிங்கப்பூரின் சின் மிங் வட்டாரத்தில் தனியாகத் தொழில் செய்யும் ஒரு சீன அங்கிளிடம் போனேன். அவர் கணினியைத் தொடவில்லை. காரை மேலே தூக்கி, டர்போவின் அடிப்பக்கத்தில் கையை விட்டுத் துழாவி, மூன்று போல்ட்டுகளைக் கழற்றி, கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வால்வை எடுத்து வந்தார். அதன் நடுவிலிருந்த ரப்பர் சவ்வுக்குப் பின்னால் கைவிளக்கைப் பிடித்தார். நகக்கண்ணின் பிறை அளவுக்கு ஒரு கிழிசல் வழியாக வெளிச்சம் வந்தது. மிதியிலிருந்து காலை எடுக்கும்போது, டர்போ அழுத்தி வைத்த காற்று போக்கிடமில்லாமல் முட்டி நிற்கும். அதைத் திரும்பிப் போகவிடுவது அந்த வால்வின் வேலை. சவ்வு கிழிந்தால் மிதியை அழுத்தியிருக்கும்போதும் காற்று திரும்பிப் போய்க்கொண்டே இருக்கும். டர்போ நல்லபடியாகச் சுற்றும், ஆனால் ஓட்டைக் குடத்தில் நீர் இறைத்த கதைதான். சவ்வுக்குப் பதில் பிஸ்டன் வைத்த புதிய வால்வும் கூலியும் சேர்த்து 230 வெள்ளி ஆயிற்று. "டர்போவா கெட்டது? ரப்பர்தான் கெட்டது, தம்பி" என்று சொல்லி, பழையதை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடமே கொடுத்துவிட்டார்.

அடுத்த ஆறு ஆண்டுகளும் அவர் சொன்னபடியே போயின. வெப்பத்தில் இறுகிப்போன குழாய்கள், பிளாஸ்டிக் கூட்டோடு வரும் நீர் பம்பு, எஞ்சின் தாங்கிகளின் ரப்பர், இரண்டு இக்னிஷன் காயில்கள் என்று டர்போவின் அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றார்கள். டர்போ மட்டும் கடைசி நாள்வரை பிறந்தபோது பொருத்தியதே. இவற்றையெல்லாம் உற்பத்தியாளரின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டு முழுதும் இந்த வெயிலில் ஓடும் எந்த டர்போ காருக்கும் பத்து வயதில் இவை வரும். எண்ணெய் மாற்றம், டயர் நீங்கலாக எட்டு ஆண்டுகளில் என் நோட்டுப் புத்தகக் கணக்கில் 14,600 வெள்ளி. ஜப்பானியக் காரில் இதில் பாதிகூட ஆகியிருக்காது என்று சொல்வோருக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் 1,700 சுழற்சியிலேயே 280 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கிடைத்து, தீவு விரைவுச்சாலையின் இணைப்புப் பாதையிலிருந்து முதுகை இருக்கையோடு அழுத்தியபடி அது ஏறி வரும் அந்த நான்கு விநாடிகளை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. தொண்ணூறு கிலோமீட்டர் வரம்புள்ள ஊரில் இது எதற்கு என்று கேட்கிறார்கள்; தொண்ணூறைத் தொடும் வரைக்கும் வரம்பு ஏதும் இல்லையே!

சில எச்சரிக்கைகள். நான் மெக்கானிக் அல்லன். பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். இந்த எஞ்சினில், வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்திசைத்து இயக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பழைய வடிவம் நழுவக்கூடியது. நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதி எஞ்சினே போய்விடும். 2012 வாக்கில் அதைத் திருத்தினார்கள் என்பதால் உங்கள் காரில் புதியதே இருக்க வாய்ப்பு அதிகம். கீழ்மூடியில் உள்ள சிறு துளை வழியாக எது என்று பார்த்துவிடலாம், பார்க்கத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் ஆகையால் உள்ளிழுப்பு வால்வுகளில் கரி படியும்; வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளச்சுத் தானியங்கி) பெட்டிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்ற வேண்டும். 140,000 ஓடிய காருக்கு அப்படி இரண்டு ரசீதுகள் இருக்க வேண்டும். நீங்கள் 2 லிட்டர் என்று எழுதியிருப்பது உண்மையில் 1.4 லிட்டராக இருந்தால் இந்தப் பதிலை மறந்துவிடுங்கள். அது வேறு எஞ்சின், ஏழு கியர் உலர் கிளச்சுப் பெட்டி, அதன் தொல்லைகளும் வேறு.

பார்க்கப் போகும் நாளில் காலை நேரத்தையே கேளுங்கள், எஞ்சினைத் தொடாமல் வைத்திருக்கும்படி முன்னதாகவே சொல்லிவிடுங்கள். செயின் தளர்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் முதல் இரண்டு விநாடிகளில்தான் கடகடவென்று சத்தம் வரும். சூடான பிறகு நல்ல பிள்ளையாகிவிடும். போனதும் பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் விலை பேசாமல் விடைபெற்றுக்கொண்டு, மறுநாள் காலை சொல்லாமல் போய் நில்லுங்கள்.