வெளிநாட்டில் உடல்நலம் குன்றினால்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு வயது 66, என் கணவருக்கு 71. மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சிக்குச் சென்று ஆறு மாதம் தங்கப்போகிறோம். கணவருக்குச் சர்க்கரை நோயும் ரத்தக்கொதிப்பும் உண்டு. 2019இல் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். காப்பீட்டு முகவர், “படிவத்தில் நோய் எதையும் எழுதாதீர்கள், பிரீமியம் கூடிவிடும்” என்கிறார். மகளோ அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பாலிசியை அங்கிருந்தே வாங்கிவிடலாம் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முகவர் சொல்வதைக் கேட்காதீர்கள். மறைத்த நோய் மறைந்தே இருக்கும் என்ற நம்பிக்கை, மருத்துவமனையில் சேர்த்த முதல் அரை மணி நேரத்திலேயே பொய்த்துவிடும். இதற்கு முன் என்ன நோய், என்ன மருந்து, எந்த ஆண்டு என்ன சிகிச்சை என்று அவசரப் பிரிவில் கேட்டுப் பதிவு செய்வார்கள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பவர் ஸ்டென்ட் வைத்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. அந்தப் பதிவைக் காப்பீட்டு நிறுவனம் கேட்டுப் பெறும். தேவைப்பட்டால் தஞ்சாவூரில் உங்களைப் பார்த்துவந்த மருத்துவரின் குறிப்புகளையும் கேட்கும். ‘நோய் எதுவும் இல்லை’ என்று நீங்கள் கையெழுத்திட்ட படிவமும் இந்தப் பதிவும் முரண்பட்டால், இதயத்துக்குச் சம்பந்தமே இல்லாத எலும்பு முறிவுக்குக்கூட, உண்மையை மறைத்தார் என்று காரணம் காட்டிப் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு வழி கிடைத்துவிடும். அப்போது முகவர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார். படிவத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து அல்ல.

நோயை எழுதிவிட்டதாலேயே அதற்கான செலவு முழுவதும் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். இந்தியாவில் விற்கப்படும் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகள் பலவற்றில் முன்பே உள்ள நோய்க்குச் செலவுத்தொகை அறவே கிடையாது. சிலவற்றில், அந்த நோயால் உயிருக்கு ஆபத்து நேர்ந்தால் நிலைமை சீராகும் வரையிலான சிகிச்சைக்கு மட்டும், அதுவும் ஒரு வரம்புக்குள், பணம் தருவார்கள். பாலிசியின் முகப்பில் ஒரு லட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் இருந்தாலும், அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகைக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்ற உட்பிரிவு வரம்புகள் உள்ளே ஓர் அட்டவணையில் இருக்கக்கூடும். வாங்கும் முன் படிக்க வேண்டியது அந்த அட்டவணையைத்தான்.

மகள் சொல்லும் அமெரிக்கப் பாலிசிகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் என்று ஒரு தொகை முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். விலை குறைவு என்று அதை வாங்குகிறவர்கள் பலர். ஆனால் அந்தத் தொகைக்கும் மருத்துவமனை பில்லுக்கும் இடையிலுள்ள தூரம் மிக அதிகம். இரண்டாம் வகையில், நீங்கள் முதலில் ஏற்கவேண்டிய தொகை போக, மீதிச் செலவில் பெரும்பகுதியைப் பாலிசி வரம்பு வரை நிறுவனம் ஏற்கும். முன்பே உள்ள நோயைப் பொறுத்தவரை, இந்த இரண்டாம் வகைப் பாலிசிகள் பலவும் முன்னறிவிப்பின்றி வரும் திடீர்த் தாக்கத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். தாக்கம் தொடங்கிய 24 மணி நேரத்துக்குள் சிகிச்சைக்குச் சென்றிருக்க வேண்டும் என்பதும் வழக்கமான நிபந்தனை. திடீரென வந்த மாரடைப்பு இதில் அடங்கலாம். மாதக்கணக்கில் மெல்ல ஏறிய சர்க்கரையோ, வழக்கமான பரிசோதனையோ, மாத்திரையோ அடங்காது. ‘மாமாவுக்கு நெஞ்சு லேசாக எரிகிறது, காலையில் பார்க்கலாம்’ என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டால் உடல்நிலையோடு பாலிசியும் கைவிட்டுப்போகும்.

உங்கள் கணவரின் வயதையும் நோயையும் வைத்துப் பார்த்தால், அமெரிக்கப் பயணத்துக்கு இந்த இரண்டாம் வகைப் பாலிசியையே நான் பரிந்துரைப்பேன். அங்குள்ள மருத்துவமனைகளின் பில் பிரிவுகளுக்கு அந்த நிறுவனங்களின் நடைமுறை பழக்கமானது என்பதோடு, பிரச்சினை வந்தால் உங்கள் மகள் பகல் நேரத்தில் தொலைபேசியில் பேசித் தீர்க்கவும் முடியும். பல திட்டங்களில் 70 வயதானதும் அதிகபட்சத் தொகை குறைந்துவிடும் என்பதால் உங்களுக்கும் அவருக்கும் தனித்தனியாகப் பார்த்து வாங்குங்கள். தீவிர சிகிச்சையோடு கூடிய ஓர் இதய அறுவை சிகிச்சையில் 50,000 டாலர் எளிதாகக் கரைந்துவிடும். எனவே பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால், காப்பீட்டுத் தொகையைக் குறைக்காமல், நீங்கள் முதலில் ஏற்கும் தொகையைக் கூட்டிக்கொள்ளுங்கள். 250 டாலரைக் கைப்பணத்தில் கட்ட முடியும். இரண்டு லட்சம் டாலரைக் கட்ட முடியாது.

புறப்படும் முன் இதயநோய் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதமும், அண்மையில் எடுத்த இ.சி.ஜி.யின் நகலும், ஸ்டென்ட் விவர அட்டையும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பிரிவு மருத்துவர் புதிய இ.சி.ஜி.யை ஒப்பிட்டுப் பார்க்கப் பழையதைத்தான் முதலில் தேடுவார். அந்தக் கடிதத்தில் மருந்துகளின் பெயர்கள் வணிகப் பெயராக மட்டுமல்லாமல் பொதுப் பெயராகவும் (ஜெனரிக்) இருக்கட்டும். இன்சுலின் இருந்தால் கைப்பையில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள்; சரக்குப் பகுதியில் உறைந்துபோனால் அது பயன்படாது.

கேள்வி: டெக்சாஸில் எங்களைப் பார்க்க வந்திருந்த அப்பாவுக்கு இரவில் கடும் வயிற்றுப்போக்கு. மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். சலைன் ஏற்றி விடியற்காலையில் அனுப்பிவிட்டார்கள். பணம் எதுவும் கேட்கவில்லை. அதன்பின் மருத்துவமனை, மருத்துவர், ஆய்வகம் என்று தனித்தனியாக பில் வந்துகொண்டே இருக்கிறது. உடனே கட்டிவிடுவதா? (ஒரு வாசகர், டல்லஸ்)

பதில்: அவசரமாகக் கட்ட வேண்டாம், கண்டுகொள்ளாமலும் இருக்க வேண்டாம். அன்றிரவு பணம் கேட்காததற்குக் காரணம் 1986ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம். முதியோருக்கான அமெரிக்க அரசு காப்பீட்டுத் திட்டமான மெடிகேரில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவு, பணம் இருக்கிறதா, காப்பீடு இருக்கிறதா, எந்த நாட்டவர் என்று பாராமல் வருபவரைப் பரிசோதித்து, அவசர நிலை இருந்தால் அதைச் சீராக்க வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்துகிறது. பில் அனுப்பக் கூடாது என்று அது சொல்லவில்லை.

அங்கு பணியாற்றும் மருத்துவர்களும் கதிரியக்க நிபுணர்களும் பெரும்பாலும் மருத்துவமனையின் ஊழியர்கள் அல்லர். தனிக் குழுக்களாக இயங்குவதால் தனி பில் வருகிறது. ஒவ்வொருவரிடமும் எந்தச் சேவைக்கு எவ்வளவு என்று வரிவரியாகப் பிரித்த பில்லைக் கேளுங்கள். செய்யாத சோதனைக்கும் இருமுறை எழுதப்பட்ட மருந்துக்கும் தொகை சேர்ந்திருப்பது அரிதல்ல. காப்பீடு இருந்தால் முதலில் அதன் எண்ணைக் கொடுத்து நேரடியாக அங்கே அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால், சொந்தப் பணத்தில் கட்டுபவருக்கான தள்ளுபடி என்ன என்றும், தவணை உண்டா என்றும் கேளுங்கள். லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கை ஒன்றை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வரிச் சட்டத்தின் நிபந்தனை; வருகையாளருக்கு அது பொருந்துமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அங்கு எல்லோரும் கேட்கிறார்கள்.

அடுத்த முறை, உயிராபத்து இல்லாத காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் ‘அர்ஜென்ட் கேர்’ என்ற பெயரில் இயங்கும் சிறு மருத்துவ மையங்களுக்குச் செல்லுங்கள். செலவு பல மடங்கு குறையும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணுதல், பேச்சுக் குழறல் என்றால் மட்டும் யோசிக்காமல் 911.

கேள்வி: பாரிஸ், ரோம் பார்த்துவிட்டு லண்டனில் ஒரு வாரம் தங்கத் திட்டம். விசாவுக்காக எடுத்த ஷெங்கன் காப்பீடு போதுமா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போதாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். அது 29 ஷெங்கன் நாடுகளிலும் செல்லுபடியாக வேண்டும். பிரிட்டன் அவற்றில் ஒன்றல்ல; ஆகவே உலகம் முழுவதற்குமான பாலிசியாக எடுங்கள். 30,000 யூரோ என்பது விசா அதிகாரி கேட்கும் அளவே தவிர, உங்களுக்கு ஆகக்கூடிய செலவின் அளவு அல்ல.

பிரிட்டனில் எல்லோருக்கும் வைத்தியம் இலவசம் என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவசரப் பிரிவில் தரப்படும் சிகிச்சை இலவசம்தான். ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்த கணத்திலிருந்து, இங்கிலாந்தில் வெளிநாட்டு வருகையாளருக்கு வழக்கமான கட்டணத்தில் 150 விழுக்காடு விதிக்கப்படும். 500 பவுண்டுக்கு மேல் கட்டாமல் விட்டால் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கப்பட்டு, அடுத்த விசா மறுக்கப்படலாம். அவசர அழைப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 112, பிரிட்டனில் 999.

கேள்வி: சிங்கப்பூர் சுற்றுலாவில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பாலிசி இருந்தும் மருத்துவமனை முன்பணம் கட்டச் சொன்னது. ‘கேஷ்லெஸ்’ என்றுதானே சொல்லி விற்றார்கள்? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: பாலிசி அட்டையைக் காட்டினாலே பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவதற்கு அது பணம் அல்ல. உங்கள் இந்திய நிறுவனம், வெளிநாடுகளில் உதவி செய்ய ஓர் உதவி நிறுவனத்தை நியமித்திருக்கும். அதன் 24 மணி நேர எண் பாலிசியில் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண்ணுக்குச் சொல்லி, அவர்கள் மருத்துவ அறிக்கையைப் பார்த்து, செலவை ஏற்கிறோம் என்று மருத்துவமனைக்கு உத்தரவாதக் கடிதம் அனுப்பிய பிறகுதான் ‘கேஷ்லெஸ்’ தொடங்கும். அதற்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ ஆகலாம். அந்த இடைவெளியைத் தாண்டத்தான், கடன் வரம்பு போதிய அளவு உள்ள, வெளிநாட்டுப் பயன்பாடு திறந்துவைக்கப்பட்ட ஒரு கிரெடிட் கார்டு கையில் இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். ஆம்புலன்ஸுக்கு (சிங்கப்பூரில் 995) அடுத்து நீங்கள் அழைக்க வேண்டியது இந்த உதவி நிறுவனத்தின் எண்ணைத்தான். அழைத்ததும் அவர்கள் தரும் பதிவு எண்ணையும் பேசியவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புறநோயாளிச் செலவுகளைப் பெரும்பாலும் நீங்களே கட்டி ஊர் திரும்பியபின் பெற வேண்டியிருக்கும். அம்மாவை ஊருக்கு அழைத்துவருவது பற்றி ஒன்று: உதவி நிறுவனத்தின் ஒப்புதல் இன்றி நீங்களாகப் படுக்கை வசதியோடு டிக்கெட் எடுத்தால் அந்தச் செலவு கிடைக்காமல் போகலாம். ஒரு ஸ்ட்ரெச்சருக்குப் பல இருக்கைகளின் இடம் தேவைப்படும். விமான நிறுவனத்தின் மருத்துவ அனுமதிப் படிவத்தைச் சிகிச்சை தந்த மருத்துவர் நிரப்பித் தர வேண்டும்.

கேள்வி: தம்பி சவூதிக்குக் கட்டட வேலைக்குப் போகிறான், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் (வேலைக்குச் செல்ல அரசின் குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகை). அவனுக்குத் தனியாகக் காப்பீடு வேண்டுமா? (ஒரு வாசகர், ராமநாதபுரம்)

பதில்: சவூதியில் தனியார் துறை ஊழியருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது முதலாளியின் சட்டக் கடமை, அந்தப் பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அதற்கு மேல், ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் வேலைக்குச் செல்பவர்களுக்கு ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ கட்டாயம். வரி நீங்கலாக இரண்டாண்டுக்கு 275 ரூபாயும் மூன்றாண்டுக்கு 375 ரூபாயும் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். வாரிசாக யார் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அந்தப் பாலிசியின் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் கையிலேயே தங்கிவிட்ட பாலிசியால் குடும்பத்துக்குப் பயனில்லை.

பக்கத்து வீட்டார் கொடுத்தனுப்பும் மருந்துப் பொட்டலத்தை எந்தக் காரணத்துக்காகவும் வாங்கிச் செல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் வலி மாத்திரையும் வளைகுடா நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. உரிய அனுமதி இல்லாவிட்டால் சிறை வரை போகும். வசதியற்றவர் நெருக்கடியில் சிக்கினால் இந்தியத் தூதரகம், 2009இல் ஏற்படுத்தப்பட்ட இந்திய சமூக நல நிதியிலிருந்து உதவ முடியும். தமிழ்நாட்டில் அயலகத் தமிழர் நலத் துறையையும் அணுகலாம்.

கேள்வி: மலேசியாவில் மாமனாருக்குப் பித்தப்பை அழற்சி, அறுவை சிகிச்சை ஆனது. அவருக்கு இருந்தது ரத்தக்கொதிப்பு மட்டும். அதைப் படிவத்தில் எழுதியும் இருந்தோம். இந்தியக் காப்பீட்டு நிறுவனம் ‘முன்பே உள்ள நோய்’ என்று ஒரே வரியில் மறுத்துவிட்டது. (ஒரு வாசகி, திருநெல்வேலி)

பதில்: ஒரே வரி போதாது. பாலிசியின் எந்த விதியின்படி, எந்த மருத்துவ ஆதாரத்தின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பித்தப்பை அழற்சிக்கும் ரத்தக்கொதிப்புக்கும் தொடர்பில்லை என்று அறுவை செய்த மருத்துவரிடமிருந்தும் உங்கள் குடும்ப மருத்துவரிடமிருந்தும் சான்று பெற்று, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். டிஸ்சார்ஜ் அறிக்கை, வரிவரியான பில், ரசீது, பயண நாள்களைக் காட்டும் பாஸ்போர்ட் பக்கங்கள் ஆகியவற்றின் நகல்களையும் இணையுங்கள். காப்பீட்டு நிறுவனங்களைக் கண்காணிக்கும் ஒழுங்காணையத்தின் ‘பீமா பரோசா’ தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ புகாரைப் பதிவு செய்யலாம்.

ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் முறையிடுங்கள். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஆனால் அதே விஷயத்தை முதலில் நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோய்விட்டால் குறைதீர்ப்பாளர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார் என்பதால், எந்த வாசலை முதலில் தட்டுவது என்பதை யோசித்துச் செய்யுங்கள். தஞ்சாவூர் வாசகியும் இதைக் கவனிக்க வேண்டும்: இந்த வழிகள் எல்லாம் இந்தியாவில் வாங்கிய பாலிசிகளுக்கு மட்டுமே உண்டு, அமெரிக்க நிறுவனத்தின் பாலிசியில் தகராறு வந்தால் அங்குள்ள விதிகளின்படி மகள்தான் தொடர்ந்து பேச வேண்டியிருக்கும்.