ஒரு பொருளைப் பார்த்ததுமே வாங்கத் தோன்றுவது ஏன்?

அழகு பாதிக் காரணம்தான். பயத்தைப் போக்குவதும் வடிவமைப்பின் வேலை. 1998இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையை விட்டு நகராத கணினி, எடை 17 கிலோவுக்கு மேல். இருந்தும் தலையில் ஒரு கைப்பிடி! கணினி என்றாலே மிரளுபவர்களைத் தொட்டுப் பார்க்க அழைப்பதற்காகத்தான் ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஜோனி ஐவ் அதை வைத்தார். உள்ளிருப்பது மங்கலாகத் தெரியும் நீலப் பிளாஸ்டிக் கூடு வேறு.

அடுத்த ஆண்டே ஐந்து நிறங்கள் வந்தன. அப்புறம் "வாங்கலாமா?" என்பது போய், "எந்த நிறம்?" என்றாகிவிடும் அல்லவா? என்னைக் கேட்டால், கெட்டிக்கார வியாபாரம் அதுதான்.

சரி, எல்லாமே கச்சிதமா? கூடவே வந்த வட்ட மவுஸ் பார்க்க லட்சணம். கையில் பிடித்தால் முன்பக்கம் எது என்றே தெரியாது. 2000இல் ஆப்பிளே அதை மாற்றிவிட்டது.