பெருந்துறையில் ஓடாத நிரலுக்கு

வணக்கமுங்க. திருப்பூர் கணினியில் நன்றாக ஓடும் சாயக் கணக்கு நிரலைப் பென்டிரைவில் பெருந்துறை யூனிட்டுக்குக் கொண்டுபோனால், பக்கத்திலேயே லைப்ரரிகள் (நிரலுக்குத் தேவையான துணைக் கோப்புகள்) உள்ள லிப் ஃபோல்டர் இருந்தும் 'லைப்ரரி இல்லை' என்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

விண்டோஸ் நிரலின் ஃபோல்டரைத் தானாகத் தேடும், லினக்ஸ் தேடாது. நிரலுக்குள் எழுதிய ரன்பாத்தை (லைப்ரரிகளைத் தேட வேண்டிய இடங்களின் பட்டியல்) பார்க்கும், அப்புறம் கணினியின் பொது இடங்களை. உங்கள் ரன்பாத்தில் திருப்பூர் கணினியில் உள்ள ஃபோல்டரின் முழு முகவரி பதிந்திருக்கும். அதைக் காட்டும் 'ரீட்எல்ஃப்' கட்டளையை டி விருப்பத்துடன் கொடுத்துப் பாருங்கள்.

அதற்குப் பதில் டாலர் குறியோடு 'ஒரிஜின்' என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் கொடுத்து, பின்னால் சாய்கோடு போட்டு லிப் ஃபோல்டரின் பெயரைச் சேருங்கள். ஒரிஜின் என்றால் நிரல் இருக்கும் ஃபோல்டர் என்று பொருள். மறுபடி கம்பைல் செய்ய வேண்டாம், ரன்பாத்தை மட்டும் மாற்றும் 'பேட்ச்எல்ஃப்' கருவி போதும். அதைச் சுற்றி ஒற்றை மேற்கோள் கட்டாயம், இல்லாவிட்டால் ஷெல் (நம் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) டாலர் ஒரிஜினை வெற்றாக்கிவிடும். மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் விதிகள் உள்ள கோப்பு) என்றால் டாலரை இரண்டாகப் போடுங்கள். இதில் நான் ஒரு நாள் முழுக்கத் தொலைத்திருக்கிறேன்.

இன்னொரு பொறி: நிரலின் ரன்பாத், அது நேரடியாகக் கேட்கும் லைப்ரரிக்கு மட்டுமே. அந்த லைப்ரரி வேறொன்றைக் கேட்டால் உதவாது. ஆகவே லிப் ஃபோல்டரில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரிஜினைப் பதியுங்கள்.

லைப்ரரி தேடும் இடத்தை வெளியிலிருந்து சொல்லும் எல்டி லைப்ரரி பாத் என்ற அமைப்பை நிரந்தரமாக வைக்காதீர்கள், அங்கிருந்து கிளம்பும் மற்ற நிரல்களையும் அது குழப்பும். லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியை மட்டும் கூடக் கொண்டுபோகாதீர்கள். அது பொருந்துவதற்காக, இரண்டு யூனிட்டில் எது பழைய லினக்ஸோ அதில் கம்பைல் செய்யுங்கள். பிறகும் ஓடவில்லையென்றால் நிரல் கேட்கும் லைப்ரரிகள் எங்கே கிடைக்கின்றன என்று சொல்லும் 'எல்டிடி' கட்டளை காட்டுவதை இங்கே போடுங்கள், பார்த்துவிடலாம்.