எந்த டெவலப்பர் வாங்குவது? கறுப்பு வெள்ளை ஃபிலிம் கழுவுவோர் கேட்ட கேள்விகள்

கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தாங்களே கழுவத் தொடங்கியவர்கள், ஃபிலிமில் பதிந்த படத்தை வரவைக்கும் ரசாயனமான டெவலப்பர் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் நேரங்கள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கானவை.

கேள்வி: அண்ணா, முதல் டெவலப்பர் வாங்கப் போகிறேன். ஹெச்பி5 ஃபிலிம்தான் போடுகிறேன், மாதம் ஒரு ரோல் ஓடினாலே அதிகம். டி-76, ஹெச்சி-110, எக்ஸ்டால், ரோடினல் என்று பெயர்களைப் படித்தே தலை சுற்றுகிறது.

மாதம் ஒரு ரோல் என்று சொன்னீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. எல்லாரும் கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடித் துகள்) எப்படி, டோன் (கறுப்பு முதல் வெள்ளை வரையான சாயல்கள்) எப்படி என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, பாட்டிலைத் திறந்த பிறகு எத்தனை நாளில் தீர்ப்பீர்கள் என்பது.

தூளாக வரும் டி-76-ஐக் கரைத்து, காற்றிடம் இல்லாமல் நிரப்பி மூடிவைத்தால் ஆறு மாதம் வரை இருக்கும். பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதம்தான். எக்ஸ்டால் வழக்கமாக 5 லிட்டர் கலக்கும் பொட்டலமாக வருகிறது. மாதம் ஒரு ரோல் கழுவுபவர் அதைத் தீர்ப்பதற்குள் அது கெட்டுவிடும். கெட்டாலும் நிறம் மாறாது, வாடை வராது. ஒரு நாள் ஃபிலிம் வெறுமையாக வெளியே வரும்போதுதான் தெரியும்.

ஹெச்சி-110, ரோடினல் இரண்டும் கெட்டியான திரவம். மூடி இறுக்கமாக இருந்தால் வருடக்கணக்கில் நிற்கும், தேவைப்படும்போது கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்துகொள்ளலாம். ஹெச்பி5 போன்ற 400 வேக (ஐஎஸ்ஓ 400) ஃபிலிமுக்கு ஹெச்சி-110 வாங்குங்கள். ஒரு பங்குக்கு 31 பங்கு தண்ணீர் என்ற 'பி' கலவையில் ஹெச்பி5-க்கு 5 நிமிடம். இந்த நேரம் கொஞ்சம் குறைவு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றும் வேகம், கவிழ்க்கும் விதம் எல்லாம் திட்டுத்திட்டாக நெகட்டிவில் தெரியத் தொடங்கும். அதனால் பலர் 1:63 என்று கலந்து, நேரத்தை இரட்டிப்பாக்குகிறார்கள். நிறுவனம் அறிவித்த கலவை இல்லை, ஆனாலும் நன்றாகவே வேலை செய்கிறது. ரோலுக்கு 6 மி.லி. கெட்டித் திரவமாவது இருக்க வேண்டும் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. 300 மி.லி. டேங்க்கில் 1:63 கலந்தால் 5 மி.லி.கூட வராது, அரை லிட்டர் டேங்க்கில் போடுங்கள்.

வாரத்துக்கு நாலைந்து ரோல் கழுவுபவராக இருந்திருந்தால் எக்ஸ்டால் என்றிருப்பேன்.

கேள்வி: சார், டி-76, ஐடி-11 இரண்டில் எது மேல்?

கையில் கிடைப்பது. ஒன்று கோடாக், மற்றது இல்ஃபோர்டு. சூத்திரம் கிட்டத்தட்ட ஒன்றுதான், நேரமும் ஏறக்குறைய அப்படியே.

கேள்வி: கிரெய்ன் குறைய வேண்டும், படம் கூர்மையாகவும் இருக்க வேண்டும். இரண்டையும் தரும் டெவலப்பர் எது?

ஆசை நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கூட்டினால் மற்றது கொஞ்சம் குறையும். அதற்குக் காரணம் சல்ஃபைட்.

டி-76-இன் சூத்திரத்தைப் பாருங்கள். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம். படத்தை வரவைக்கும் மெட்டாலும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்து ஏழே கிராம்! சல்ஃபைட் முதலில் டெவலப்பர் காற்றுப்பட்டுக் கெடாமல் காக்கிறது. இவ்வளவு அடர்த்தியாக இருக்கும்போது இன்னொரு வேலையும் பார்க்கிறது. வெள்ளி உப்புத் துகள்களின் ஓரத்தை லேசாகக் கரைத்துவிடுகிறது. துகள் மழுங்குவதால் கிரெய்ன் மென்மையாகத் தெரிகிறது, விளிம்புகளின் கூர்மையும் அதோடு சேர்ந்து கொஞ்சம் போகிறது.

பெர்செப்டால் என்ற டெவலப்பர் இந்தத் திசையில் இன்னும் ஒரு படி போகும். அதற்கு விலையாக ஃபிலிமின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். நீர்க்காத பெர்செப்டாலில் கழுவுவதானால் ஹெச்பி5-ஐக் கேமராவில் வேகம் 250 என்று வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ரோடினல் நேர் எதிர். 1891-இல் வந்த சரக்கு, இன்றும் பல பெயர்களில் விற்கிறது. 1:50 கலக்கும்போது அதில் சல்ஃபைட் பெயரளவுக்குத்தான் இருக்கும். துகள் கரையாது, கிரெய்ன் அப்படியே நிற்கும், விளிம்புகள் வெட்டியது போல வரும். 100 வேக ஃபிலிமில் இது அழகு. 35 எம்எம்மில் 400 வேக ஃபிலிமைப் போட்டுவிட்டுக் கிரெய்ன் அதிகம் என்று ரோடினலைத் திட்டக் கூடாது.

நடுவழி, டி-76-ஐயோ ஐடி-11-ஐயோ நீர்த்துப் பயன்படுத்துவது. ஹெச்பி5-க்கு ஐடி-11 அப்படியே என்றால் ஏழரை நிமிடம், 1:1 என்றால் 13, 1:3 என்றால் 20. தண்ணீர் கூடக் கூடச் சல்ஃபைட் நீர்க்கிறது, கூர்மை கூடுகிறது, கிரெய்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. ஒரே பாட்டிலில் மூன்று குணம். நான் பெரும்பாலும் 1:1-இல்தான் கழுவுகிறேன். ஒரு முறை பயன்படுத்திக் கொட்டிவிடுவதால் டெவலப்பரின் பலம் எவ்வளவு மிச்சம் என்ற கவலையும் இல்லை.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் மிக அருகில் வருவது எக்ஸ்டால். கோடாக் 1996-இல் கொண்டுவந்தது. ஹைட்ரோகுவினோனுக்குப் பதில் வைட்டமின் சி வகைப் பொருளை வைத்துச் செய்தார்கள். நிழல் பகுதியில் விவரம் நன்றாக வரும், கிரெய்னும் அடக்கம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்று: 400 வேக ஃபிலிமுக்கும் 100 வேக ஃபிலிமுக்கும் உள்ள கிரெய்ன் வித்தியாசத்தை எந்த டெவலப்பராலும் அடைக்க முடியாது. கூடுதல் வெளிச்சம் கொடுத்து, கூடுதல் நேரம் கழுவினால் எதில் கழுவினாலும் கிரெய்ன் தடிக்கும்.

கேள்வி: இரவில் எடுப்பதற்காக 400 ஃபிலிமைக் கேமராவில் 1600 என்று வைத்துப் புஷ் செய்கிறேன், அதாவது குறைந்த வெளிச்சத்தில் எடுத்துக் கூடுதல் நேரம் கழுவுகிறேன். எதில் கழுவலாம்?

மைக்ரோஃபென் அல்லது டிடி-எக்ஸ். ஹெச்பி5-ஐ 1600-இல் எடுத்திருந்தால் நீர்க்காத மைக்ரோஃபெனில் 11 நிமிடம், டிடி-எக்ஸ் 1:4-இல் 13 நிமிடம். ஐடி-11 மட்டும்தான் இருக்கிறது என்றால் நீர்க்காமல் 14 நிமிடம்.

ஆனால் புஷ் என்பதில் வேகம் உண்மையில் நான்கு மடங்கு ஆகிவிடுவதில்லை. வெளிச்சமே விழாத நிழலில் கழுவி எடுக்க ஒன்றும் இருக்காது. நேரத்தைக் கூட்டும்போது நடு டோன்களும் வெளிச்சப் பகுதிகளும்தான் மேலே ஏறுகின்றன, கான்ட்ராஸ்ட் கூடுகிறது. மைக்ரோஃபென் போன்றவை நிழலில் கொஞ்சம் கூடுதலாக மீட்டுத் தரும், அவ்வளவே. முகத்தில் விளக்கு வெளிச்சம் விழும் காட்சி என்றால் புஷ் கைகொடுக்கும். சுற்றிலும் இருட்டு என்றால் அதிக வெளிச்சம் வாங்கும் லென்ஸோ கேமரா ஸ்டாண்டோதான் வழி.

கேள்வி: குழாய்த் தண்ணீரே 28 டிகிரி. 20-க்குக் கொண்டுவர வேண்டியது கட்டாயமா?

கட்டாயமில்லை. 24 வரை இறக்கினால் போதும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டியில் சிறிது நேரம் வையுங்கள். டெவலப்பருக்குள் ஐஸ் போடாதீர்கள், கலவையின் அளவு கெட்டுவிடும். 20 டிகிரியில் 8 நிமிடம் என்றால் 24-இல் ஐந்தரை. சூடு கூடினால் நேரம் சுருங்குவதால், உங்களைப் போன்றவர்கள் இயல்பாகவே நீண்ட நேரம் கேட்கும் கலவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐடி-11 1:1, 13 நிமிடம், 24-இல் ஏறக்குறைய ஒன்பது ஆகும், தாராளம். ஹெச்சி-110 'பி' மூன்றரைக்கு வந்துவிடும், அது வேண்டாம்.

எந்த வெப்பநிலை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் அதே வெப்பநிலையா என்பதுதான் கணக்கு. ஃபிக்ஸரும் (டெவலப்பருக்குப் பிறகு படத்தை நிலைக்கவைக்கும் திரவம்) அலசும் தண்ணீரும் அதை ஒட்டியே இருக்கட்டும்.

கேள்வி: ரோடினல் 1:100 கலந்து ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்துவிட்டால் எந்த ஃபிலிம், எந்த வேகமானாலும் சரியாக வரும் என்கிறார்களே?

வரும், சில நாள். அசைக்காமல் விட்டால் வெளிச்சப் பகுதியில் டெவலப்பர் சீக்கிரம் களைத்துவிடும், நிழலில் தொடர்ந்து வேலை செய்யும். அதனால் கடுமையான கான்ட்ராஸ்ட் உள்ள காட்சி கொஞ்சம் அடங்கும். இது உண்மை. ஆனால் வேலை முடிந்த இடத்திலிருந்து வரும் புரோமைடு என்ற கழிவு கீழ்நோக்கி இறங்கி, ஃபிலிம் ஓரத்து ஸ்ப்ராக்கெட் ஓட்டைகளுக்குப் பக்கத்திலும் வானத்திலும் கோடு கோடாக விழும். ஒரே நிறமாக வானம் இருக்கிற படத்தில் மறைக்கவே முடியாது. என்ன ஃபிலிம் என்றே தெரியாத பழைய ரோல் கிடைத்தால் இந்த வழியை முயலலாம். நன்றாக எடுத்த ரோலுக்கு இது எதற்கு?

கேள்வி: எக்ஸ்பி2 சூப்பர் ரோல் ஒன்று இருக்கிறது. எதில் கழுவ?

சி-41, அதாவது கலர் நெகட்டிவுக்கான ரசாயனத்தில். கறுப்பு வெள்ளைதான், ஆனால் படம் கடைசியில் சாயத்தால் ஆனது. கலர் கழுவும் லேபில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: டெவலப்பர் பட்ட இடத்தில் விரல் அரித்துச் சிவந்துவிடுகிறது, என் மனைவிக்கு. நிறுத்திவிடலாமா சார்?

மெட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஒரு முறை வந்தால் அடுத்தடுத்த முறை கூடவே செய்யும். டி-76, ஐடி-11, பெர்செப்டால் மூன்றிலும் மெட்டால் உண்டு. மெட்டாலுக்குப் பதில் ஃபெனிடோன் வகைப் பொருளில் செய்த எக்ஸ்டால், மைக்ரோஃபென் பக்கம் மாறலாம். எதுவானாலும் நைட்ரைல் கையுறை போடச் சொல்லுங்கள், தோல் டாக்டரிடமும் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

கேள்வி: பைரோ டெவலப்பர் போட்டால் படமே வேறு தளத்துக்குப் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். தொடங்கலாமா?

டார்க்ரூமில் பிரிண்ட் போடுபவரா நீங்கள்? ஆம் என்றால் யோசிக்கலாம். பைரோ, வெள்ளியோடு சேர்த்து நெகட்டிவில் ஒரு சாயத்தையும் ஏற்றுகிறது. பிரிண்ட் போடும்போது அந்தச் சாயம் வெளிச்சப் பகுதிகளை வெளுத்துப்போகாமல் அடக்கித் தரும். மேகமும் வெள்ளைச் சுவரும் அழகாக வரும். ஸ்கேன் மட்டும் செய்பவருக்கு இந்தப் பலனில் பெரும்பகுதி கணினியில் கர்வை (வெளிச்சம், இருட்டைத் திருத்தும் கோடு) இழுத்தாலே கிடைத்துவிடும். பைரோவில் உள்ள பைரோகலால் நஞ்சு. தூளைக் கலக்கும்போது மூச்சில் போகக் கூடாது, கையில் படக் கூடாது. முதல் வருடத்தில் இது வேண்டாம்.

கேள்வி: காபித்தூளில் கழுவலாம் என்பது நிஜமா தம்பி?

நிஜம்தான் ஐயா. இன்ஸ்டன்ட் காபி, சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றும் போதும். படம் வரும், வாடைதான் தாங்காது. பிராண்டுக்கு பிராண்டு காபி மாறுவதால் ஒவ்வொரு முறையும் ஒரே பலன் கிடைக்காது. பேரப் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட அருமையான விஷயம்.

கேள்வி: ஒரு லிட்டர் டி-76 பொட்டலத்தில் பாதித் தூளை மட்டும் எடுத்து அரை லிட்டர் கலக்கலாமா? மீதி கெடாமல் இருக்குமே.

கூடாது. தூளில் கலந்திருக்கும் பொருட்களின் மணி அளவு வேறு வேறு, பொட்டலத்துக்குள் சீராகப் பரவியிருக்காது. பாதி எடுத்தால் ஒரு பாதியில் மெட்டால் கூடலாம், மற்றதில் குறையலாம். முழுவதையும் கலந்து, 250 மி.லி. கண்ணாடி பாட்டில்கள் நான்கில் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். ஒன்றைத் திறந்தால் 1:1-இல் அரை லிட்டர் ஆகும், ஒரு ரோலுக்குத் தாராளமாகப் போதும். மற்ற மூன்றில் காற்றே படாது. பாட்டிலில் தேதி எழுதி ஒட்ட மறக்காதீர்கள்.