“ஒரு சிக்கலும் வந்ததே இல்லை” என்கிற சர்ஜனிடம் போகாதீர்கள்

முடி கொட்டுமா, தோல் தொங்குமா, தழும்பு தெரியுமா என்று ஒரு பக்கத்துக்குக் கேட்டிருக்கிறீர்கள். முடி மூன்றாவது மாதம் வாக்கில் கொட்டும், பெரும்பாலும் தானே முளைத்துவிடும். தோல் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும். தழும்பு என்பது நான்கைந்து சின்னக் கீறல்கள். இதெல்லாம் கிடக்கட்டும். கடிதத்தின் கடைசியில் பின்குறிப்பாகப் போட்டீர்களே, “உயிரோடு திரும்புவேனா டாக்டர், எடை குறைக்கிற ஆபரேஷனுக்கு யாரை நம்புவது?” என்று, அதற்குத்தான் இந்தப் பதில்.

118 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. 47, கூடவே சர்க்கரை. உங்களுக்கு இந்த ஆபரேஷன் பொருத்தமானதுதான். 2022-இல் திருத்தப்பட்ட சர்வதேச வழிகாட்டுதல் பி.எம்.ஐ. 35-ஐத் தொட்டாலே பரிந்துரைக்கலாம் என்கிறது. அனுபவமுள்ள மையங்களில் இறப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது, பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷனோடு ஒப்பிடக்கூடிய ஆபத்து. ஆகவே ராத்திரி ஒரு மணிக்கு உட்கார்ந்து ‘வயிறு பிரிந்து செத்துப்போனவர்’ வீடியோக்களைப் பார்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள்.

சரி, நீங்கள் பார்த்துவிட்டு வந்ததாக எழுதிய அந்த இரண்டு சர்ஜன்கள். முதலாமவர் சுவர் நிறையச் சான்றிதழ் மாட்டியிருக்கிறார், “இதுவரை ஒரு சிக்கலும் வந்ததே இல்லை” என்றார், இந்த வாரமே முன்பணம் கட்டினால் சலுகை என்றார், உங்களுக்குப் பிடித்துப்போனது. இரண்டாமவர், “எனக்கும் லீக் வந்திருக்கிறது, சிலரை மறுபடி திறக்க வேண்டியிருந்தது” என்று சொல்ல, பயந்துபோய் எழுந்து வந்துவிட்டீர்கள். என் வீட்டு ஆட்களுக்கு என்றால் நான் அனுப்புவது இரண்டாமவரிடம்தான்.

எடை குறைக்கிற ஆபரேஷன்களில் ஒன்றான ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை நீளமாக ஸ்டேப்ளர் போட்டு மூடுகிறோம். அந்தத் தையலில் எங்காவது ஒரு பொட்டு விட்டுப்போனால் அதுதான் லீக். தேர்ந்த கைகளிலும் நூறு பேரில் ஒருவருக்கு வாக்கில் அது நடக்கும். நூற்றுக்கணக்கில் செய்தவருக்கு ஒரு சிக்கலும் வரவில்லை என்றால், அவர் அவ்வளவு செய்யவில்லை, அல்லது செய்தவர்கள் அப்புறம் என்ன ஆனார்கள் என்று பார்க்கவில்லை, அல்லது உங்களிடம் பொய் சொல்கிறார். மூன்றில் எதுவானாலும் எனக்கு வேண்டாம்.

சுவரில் மாட்டியிருப்பதையும் கொஞ்சம் படித்துப் பாருங்கள். சங்க உறுப்பினர் சான்றிதழ் பல நேரம் சந்தா கட்டினாலே வரும், இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்து எழுந்தாலும் ஒன்று தருவார்கள். நீங்கள் தேட வேண்டியது மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் அவர் பெயர், பொது அறுவை சிகிச்சையில் மேற்பட்டம், அதற்குப் பிறகு இந்த ஆபரேஷனிலேயே ஒரு மூத்தவரிடம் மாதக்கணக்கில் எடுத்த பயிற்சி. ஆன்லைனில் போடுகிற நட்சத்திரங்களை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. அவை பெரும்பாலும் வரவேற்பறைப் பெண் சிரித்தாளா என்பதற்குப் போட்டவை.

பட்டம் மட்டும் போதாது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் மிச்சிகனில் எடை குறைக்கிற ஆபரேஷன் செய்கிற 20 சர்ஜன்கள் தாங்கள் செய்த இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைப்பது) வீடியோவைக் கொடுக்க, யாருடையது என்று தெரியாமல் சக சர்ஜன்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013-இல் வெளியான அந்த ஆய்வில், மதிப்பெண்ணில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்களின் நோயாளிகளில் 14.5 சதவீதம் பேருக்குச் சிக்கல், முதல் கால்பகுதியில் 5.2 சதவீதம். எல்லோருமே தகுதி பெற்ற சர்ஜன்கள்தான்! அந்தக் கையை நீங்கள் பார்க்க முடியாது, அதனால் எண்ணிக்கையைக் கேளுங்கள். இதே ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள், எத்தனை லீக், ஸ்டேப்ளரைப் பிடிக்கப்போவது நீங்களா உங்கள் ஜூனியரா? கேட்டதும் முகம் சுளித்தால் பதில் கிடைத்துவிட்டது. உங்களுக்கு நெஞ்செரிச்சல் இருந்தும் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கிற எண்டோஸ்கோப்பி செய்யாமலே முதலாமவர் ஸ்லீவ் என்று முடிவு செய்தார் என்கிறீர்கள். ஸ்லீவ் நெஞ்செரிச்சலைக் கூட்டிவிடக்கூடியது, அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

காலையில் ஆபரேஷன் செய்துவிட்டு சாயங்காலமே வேறு ஊருக்குக் கிளம்பிவிடுகிற சர்ஜன் என்றால் இன்னும் யோசியுங்கள், ஏனென்றால் லீக் பெரும்பாலும் மேசையில் தெரியாது. மூன்றாம் நாள் தெரியலாம், வீட்டுக்குப் போன பிறகு பத்தாம் நாளும் தெரியலாம். பருமனான உடம்பில் வயிறு கல்லாக இறுகாமலே இருக்கலாம், காய்ச்சலும் உடனே வராமல் போகலாம். பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது நாடிதான். சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 120 துடித்து, இறங்காமல் நின்றால், கூடவே மூச்சிரைப்போ இடது தோள் வலியோ காரணம் தெரியாத பதற்றமோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பாராசிட்டமால் போட்டுப் படுக்காதீர்கள், அந்த மணியிலேயே ஆஸ்பத்திரி. லீக் இல்லாவிட்டால் நுரையீரலில் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதுவும் காத்திருக்காது.

ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: “ஐந்தாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நாடி 120 என்று கூப்பிட்டால் யார் போனை எடுப்பார்கள், நான் எங்கே வரவேண்டும், அங்கே ஐசியூவும் என் எடையைத் தாங்குகிற ஸ்கேன் மேசையும் இருக்கிறதா?” பழைய சி.டி. மேசைகளுக்கு 200 கிலோ வாக்கில் வரம்பு உண்டு. உங்களுக்கு அது பிரச்சினை இல்லை, ஆனால் தயங்காமல் பதில் சொல்கிறவர் இந்த ராத்திரிகளைப் பார்த்தவர்.

கடைசியாக, தோழி கொடுத்தாள் என்று போட்டுக்கொள்கிற எடை குறைப்பு ஊசி. சர்க்கரை மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டு, யாரையும் கேட்காமல், எந்தத் தைரியத்தில் போட்டீர்கள்? இந்த வகை ஊசிகள் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். வெறும் வயிறு என்று நினைத்து மயக்க மருந்து கொடுத்தால் உள்ளே கிடக்கிற சாப்பாடு நுரையீரலுக்குள் போய்விடலாம். இனி போடாதீர்கள். இரண்டாமவரிடம் மறுபடி போகும்போது ஊசியின் அட்டையைக் கையோடு கொண்டுபோய், கடைசியாக எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள் என்று அவரிடமும் மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று உங்கள் கணவர் சொல்வதையும் சேர்த்துச் சொல்லுங்கள், அதற்கு ஆபரேஷனுக்கு முன்பே ஒரு பரிசோதனை செய்தாக வேண்டும்.