கொல்லைக் கதவு திறந்து கிடக்கும் லேப்டாப்

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக 18,500 ரூபாய்க்கு ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினோம். இன்டெல் ஐ5 சிப், எட்டாம் தலைமுறை. கடையிலேயே விண்டோஸ் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு வாரமாக ஆன்டிவைரஸ் கம்பெனிகளின் தளம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. மற்ற தளங்கள் எல்லாம் திறக்கின்றன. பக்கத்து வீட்டுத் தம்பி பார்த்துவிட்டு, ‘பேக்டோர் வார்ம்’ புகுந்திருக்கும் என்கிறான். கடையில் கேட்டால், 1,200 ரூபாய்க்கு ஆன்டிவைரஸ் போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். வாங்கலாமா? பாட நோட்ஸும் போட்டோவும்தான் அதில் இருக்கின்றன. இதற்குப் போய்ப் பயப்பட வேண்டுமா?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அந்தப் பணத்தை இப்போது செலவழிக்காதீர்கள் அம்மா. முதலில் லேப்டாப்பின் வைஃபையை நிறுத்துங்கள். அதில் ஈமெயில், வங்கிக் கணக்கு எதையாவது திறந்திருந்தால், பாஸ்வேர்டுகளை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள். லேப்டாப்பிலேயே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் களவு போகலாம். வங்கிக் கணக்கில் பணம் குறைந்திருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள், வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

இதைச் செய்துவிட்டு மேலே படியுங்கள்.

தம்பி சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. வார்ம் என்றால் புழு, கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் பரவும் கிருமி. ஆன்டிவைரஸ் தளங்களை மட்டும் திறக்கவிடாமல் தடுப்பது இந்தக் கிருமிகளின் பழைய வேலை. 2008 நவம்பரில் வந்த கான்ஃபிக்கர் அதைத்தான் செய்தது. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக அது நுழைந்தது; பிற்பாடு பென் டிரைவ் வழியாகவும் பரவியது. உள்ளே வந்ததும், வேறு கிருமி எதுவும் வராதபடி அந்த ஓட்டையைத் தானே அடைத்துக்கொண்டு, தனக்கு மட்டும் ஒரு வழி வைத்துக்கொண்டது. அந்த வழியைத்தான் பேக்டோர் என்கிறார்கள். வாசலில் பூட்டு தொங்கும், கொல்லைக் கதவு திறந்து கிடக்கும்.

போட்டோவும் நோட்ஸும்தானே என்கிறீர்கள். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. திருடனுக்கு உங்கள் போட்டோ வேண்டாம், உங்கள் கம்ப்யூட்டர் வேண்டும். 2004 ஜனவரி 26-ல் மைடூம் என்ற புழு ஈமெயில் இணைப்பாகக் கிளம்பியது. அனுப்பிய மெயில் போய்ச் சேராமல் திரும்பி வந்தது போன்ற தோற்றம். என்னவென்று பார்க்கத் திறந்தவர்களின் கம்ப்யூட்டரில் ஒரு கதவு திறந்துகொண்டது. பிப்ரவரி முதல் தேதி, அப்படிப் பிடிபட்ட பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து எஸ்சிஓ என்ற அமெரிக்க மென்பொருள் கம்பெனியின் தளத்தை முட்டித் தள்ளின. கம்பெனி தன் இணைய முகவரியையே மாற்ற வேண்டியதாயிற்று. அப்புறம் அதே பிப்ரவரியில் டூம்ஜூஸ் என்று இன்னொரு புழு வந்தது. அதற்கு ஈமெயிலே தேவைப்படவில்லை, மைடூம் திறந்துவைத்த கதவு வழியாகவே நுழைந்தது. ஒருவன் திறந்த கதவில் யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால்தான், ஒரு கிருமியை ஆன்டிவைரஸ் பிடித்துவிட்டாலும் நான் நிம்மதியாக இருக்கச் சொல்வதில்லை. அதற்குள் வேறு என்னென்ன வந்து உட்கார்ந்ததோ!

ஆகவே முழுதாக ஃபார்மட் செய்து, விண்டோஸைப் புதிதாகப் போடுவதுதான் சரி. அதே கடையில் கொடுக்க வேண்டாம். அவர்கள் போட்டது கிராக் விண்டோஸாக, அதாவது லைசென்ஸ் இல்லாத திருட்டு நகலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. கிராக் போடுகிறவர்கள் பெரும்பாலும் விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பான டிஃபெண்டரை அணைத்துவிடுவார்கள், அப்டேட்டையும் நிறுத்திவிடுவார்கள். 2017 மே 12-ல் வானாக்ரை புழு உலகத்தையே ஆட்டிவைத்தபோது, அதைத் தடுக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே கொடுத்திருந்தது. அந்த அப்டேட்டைப் போட்டவர்கள் தப்பித்தார்கள்.

நல்ல செய்தி ஒன்றும் இருக்கிறது. விண்டோஸோடு விற்கப்பட்ட பிராண்டட் லேப்டாப்களில் அதன் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். வேறொரு சுத்தமான கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11-ஐ இலவசமாக இறக்கி, 8 ஜிபி பென் டிரைவில் ஏற்றி, தம்பியையே போடச் சொல்லுங்கள். எந்தப் பதிப்பு, ஹோமா ப்ரோவா என்று கேட்கலாம். லேப்டாப் புதிதாக விற்கப்பட்டபோது அதில் இருந்ததையே தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஃபார்மட்டுக்கு முன் நோட்ஸையும் போட்டோவையும் மட்டும் வேறொரு பென் டிரைவில் காப்பி எடுங்கள். சாஃப்ட்வேர் ஃபைல் ஒன்றும் வேண்டாம். அந்தப் பென் டிரைவைப் புதிய விண்டோஸில் ஸ்கேன் செய்த பிறகே திறக்கவும். கல்லூரி ஜெராக்ஸ் கடைக்குப் போய்வரும் பென் டிரைவுக்கும் இதேதான். டிஃபெண்டரும் அப்டேட்டும் ஓடிக்கொண்டிருந்தால், மகளின் உபயோகத்துக்கு 1,200 ரூபாய் ஆன்டிவைரஸ் தேவைப்படாது.

பில்லில் ‘ஒரிஜினல் விண்டோஸ்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்களா? எழுதியிருந்தும் போட்டது கிராக் என்றால் விடாதீர்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுங்கள்.

கேள்வி: எட்டாம் தலைமுறையைவிட ஏழாம் தலைமுறை லேப்டாப் 4,000 ரூபாய் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். ஐ5-7200யு போல ஏழில் தொடங்கும் இன்டெல் சிப்களில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அப்டேட் வராத கம்ப்யூட்டரில் ஓட்டை அப்படியே இருக்கும். எட்டாம் தலைமுறை என்றாலும் கடையில் நின்றபடியே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். டிஃபெண்டர் அணைந்திருந்தால் காரணம் கேளுங்கள்.