தோணிக்கு எத்தனை பீரங்கி?

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குக் கொல்லங்கோடு. வேலை கழக்கூட்டத்தில். டச்சுக்காரர்களைத் திருவிதாங்கூர் தோற்கடித்த குளச்சல் சண்டை பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நீங்கள் வீடியோ கேம் ஆடுகிறவரா என்று தெரியாது. கப்பல் விஷயம் என்பதால் கோபப்பட மாட்டீர்கள் என்று ஒரு தைரியம்.

2003-இல் ரஷ்யாவின் அகெல்லா நிறுவனம் செய்த 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' என்ற கடற்கொள்ளையர் விளையாட்டை நாங்கள் நாலைந்து பேர் இன்னும் ஆடுகிறோம். அதன் கோப்புகளைத் திறந்து திருத்த முடியும். அதனால் உலகம் முழுக்க ஆட்கள் அதில் புதுப்புதுக் கப்பல்களைச் சேர்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நானும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் இரண்டு செய்தேன். ஒன்று, குளச்சலுக்கு வந்த மாதிரியான டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல், 145 அடி. இன்னொன்று, ஒரு பழைய புகைப்படத்தை வைத்துச் செய்த தூத்துக்குடித் தோணி, பாய்விரித்து ஓடும் சரக்குக் கப்பல்.

டச்சுக் கப்பல் துறைமுகத்தில் நுழைந்தால் துறைமேடையில் இடிக்கிறது. மற்ற கப்பல்களுக்கு நடுவில் நின்றால் அளவு உறுத்துகிறது. வரைபடத்தில் இருந்த அடியை மீட்டராக்கி 44.2 என்று போட்டிருக்கிறேன், கணக்கில் தப்பு இல்லை. தோணியில் வேறு சிக்கல். பீரங்கி இல்லாத கப்பலை ஆட்டத்தில் யார் வாங்குவார்கள் என்று நண்பர்கள் சொன்னதால் பக்கத்துக்குப் பன்னிரண்டாக இருபத்துநான்கு வைத்தேன், எல்லாம் பன்னிரண்டு பவுண்டு குண்டு போடுகிறவை. இப்போது நன்றாகச் சண்டை போடுகிறது. ஆனால் ஒருத்தன், "கரீபியன் கடலில் இந்தியக் கப்பலுக்கு என்ன வேலை? இது வரலாறா, காமெடியா?" என்று கேட்டுவிட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஆட்டம் சுவாரஸ்யமாக இருக்க வேண்டும், வரலாறும் பொய்யாகக் கூடாது. எதை விட்டுக்கொடுப்பது?

படங்களையும் எண்கள் இருக்கும் கோப்பையும் இணைத்திருக்கிறேன்.

அ., கொல்லங்கோடு

அன்புள்ள தம்பிக்கு,

நான் ஆடுகிறவன் இல்லை. மகன் ஆடுவான், பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து குறை சொல்வேன். அந்தத் தகுதியில் எழுதுகிறேன்.

முதலில் டச்சுக் கப்பல். உங்கள் கணக்கு சரி, அடிதான் வேறு. டச்சுக் கம்பெனி தன் கப்பல்களை நீளத்தை வைத்து வகை பிரித்தது. 145 அடி அதில் ஒரு வகை. ஆனால் அது ஆம்ஸ்டர்டாம் அடி. அதற்கு அந்த ஊர் அங்குலத்தில் பதினொன்றுதான், மொத்தம் 28.3 சென்டிமீட்டர். ஆகவே உங்கள் கப்பல் 41 மீட்டர்தான் இருக்க வேண்டும். ஆங்கில அடி என்று எடுத்துக்கொண்டதில் மூன்று மீட்டருக்கு மேல் நீண்டுவிட்டது. நீளத்தோடு அகலமும் உயரமும் அதே விகிதத்தில் ஏறியிருக்கும், எனவே வயிற்றின் கொள்ளளவு கால்வாசி கூடிவிட்டது. அளவு உறுத்துகிறது என்று எழுதினீர்களே, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மொத்த உருவத்தையும் 0.929 மடங்காகச் சுருக்குங்கள். பிறகும் இடித்தால் துறைமேடையைச் செய்தவரைத் திட்டலாம்.

இது டச்சுக்காரர்களோடு முடிகிற தொல்லை இல்லை. அடுத்து நீங்கள் எப்படியும் ஸ்வீடன் நாட்டுக் கப்பல் வடிவமைப்பாளர் சாப்மன் 1768-இல் வெளியிட்ட கப்பல் வரைபடத் தொகுப்புக்குத்தான் போவீர்கள், கப்பல் செய்கிற எல்லோரும் அங்கே போகிறார்கள். ஸ்வீடன் அடி 29.7 சென்டிமீட்டர், பாரிஸ் அடி 32.5. தாளில் வரைந்திருக்கும் அளவுகோலைப் பார்க்காமல் ஒரு எண்ணையும் எடுக்காதீர்கள். கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஆங்கிலக் கடற்படை வரைபடங்கள் கொஞ்சம் நிம்மதி தரும். பெரும்பாலும் நாற்பத்தெட்டில் ஒன்று என்ற ஒரே அளவுதான்.

அடுத்து, உங்கள் படத்தில் தண்ணீருக்குக் கீழே கப்பல் பளபளவென்று செம்பாக இருக்கிறது. எடுத்துவிடுங்கள். ஆங்கிலக் கடற்படை 'அலார்ம்' என்ற கப்பலில் செம்புத்தகடு அடித்துப் பார்த்ததே 1761-இல்தான். கடற்படை முழுக்கப் பரவியது 1780-ஐ ஒட்டி. குளச்சல் சண்டை 1741. அன்றைக்கு டச்சுக்காரர்கள் கப்பல்புழுவுக்குப் பயந்து அடிப்பலகை மேல் இன்னொரு வரிசை பைன் பலகை அடித்து, அதில் தலை பெருத்த இரும்பு ஆணிகளை நெருக்கி நெருக்கி அடித்தார்கள். ஆணிகள் துருப்பிடித்து ஒரு தோல் மாதிரி படிந்துவிடும். படத்தில் கொண்டுவர அருமையான மேற்பரப்பு அது. செம்பைவிட மலிவு, செம்பைவிட அழகு. சுக்கான் சக்கரம் வைத்திருக்கிறீர்கள், 1741-க்கு அது சரி. தொட வேண்டாம்.

இனி தோணி.

எண் கோப்பைத் திறந்ததும் தெரிந்துவிட்டது, டச்சுக் கப்பலின் வரிகளை நகலெடுத்து வேகத்தையும் கொள்ளளவையும் மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். தோணி தோணியாக இல்லாமல் போனது அங்கேதான், பீரங்கியில் இல்லை. இருந்தாலும் பீரங்கியையே முதலில் பார்ப்போம். பன்னிரண்டு பவுண்டு பீரங்கி ஒன்று வண்டியோடு சேர்த்து ஒன்றரை டன்னுக்கு மேல் வரும். இருபத்துநான்கு என்றால் கிட்டத்தட்ட நாற்பது டன், அதுவும் மேல்தட்டில். டிவிஎஸ் ஐம்பதில் ஜெனரேட்டரை ஏற்றின கதை. ஒரு பீரங்கியைத் துடைத்து, மருந்து இட்டு, குண்டு தள்ளி, இழுத்து நிறுத்திச் சுட ஏழெட்டுப் பேர் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டாலே தொண்ணூறு பேர். தோணியில் தலைவனான தண்டையலையும் சமையல் பையனையும் சேர்த்தாலும் பத்துப் பதினைந்து பேர்தான். மீதி ஆளுக்கு எங்கே போவீர்கள்? அவர்களுக்குச் சோறும் தண்ணீரும் ஏற்றினால் சரக்கை எங்கே வைப்பீர்கள்? ஸ்வீடன் மன்னரின் 'வாசா' 1628-இல் அறுபத்துநான்கு பீரங்கியோடு கிளம்பி, துறைமுகத்தை விட்டு வெளியே வருவதற்குள் ஒரு காற்றில் சாய்ந்து, திறந்திருந்த பீரங்கி வாசல் வழியாகத் தண்ணீர் ஏறி மூழ்கியது. உங்கள் விளையாட்டில் மேல்பாரத்தால் கப்பல் கவிழ்வதில்லை. அந்தக் கணக்கை விளையாட்டு பார்க்காது, நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

'வரலாறா, சுவாரஸ்யமா' என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டீர்கள். எனக்கு அப்படிப் பிரிவதாகத் தெரியவில்லை. கப்பலை நிஜமாக்குவது அதனால் முடியாத காரியங்கள்தான். ஆட்டத்தில் ருசி வருவதும் அதே இடத்தில்தான். எல்லாக் கப்பலும் எல்லாம் செய்தால் எதை வாங்கினால் என்ன?

காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். டச்சுக் கப்பலில் இருப்பது பருமல் என்ற குறுக்கு மரத்தில் தொங்கும் சதுரப் பாய். அது காற்று வரும் திசைக்கு அறுபத்தேழு பாகைக்கு உள்ளே ஏறாது. தோணியின் முக்கோணப் பாய் அதைவிட ஒட்டிப் போகும். அதனால் எதிர்காற்று எண்ணைத் தோணிக்குத் தாராளமாகக் கூட்டுங்கள். ஆனால் பாயைப் பக்கம் மாற்றும்போது அதன் நீளப் பருமலையே பாய்மரத்தைச் சுற்றி அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். பலத்த காற்றில் முகத்தைக் காற்றுக்குக் கொடுத்துத் திரும்ப மாட்டார்கள், காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு பெரிய வட்டமாகச் சுற்றி வருவார்கள். ஆகவே திரும்பும் எண்ணைக் குறையுங்கள். இப்போது ஆடுகிறவன் யோசிக்க வேண்டியிருக்கும். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றை எதிர்த்து நேராக ஓடினால் டச்சுக்காரன் எட்டாமல் பின்தங்குவான். வளைந்து வளைந்து ஓடினால் பிடித்துவிடுவான். இதைவிட என்ன சுவாரஸ்யம் வேண்டும்?

தோணியின் இன்னொரு பலம் ஆழமில்லாத தண்ணீர். 2004-இல் வந்த சிட் மையரின் கடற்கொள்ளையர் விளையாட்டில் இதை அழகாகச் செய்திருந்தார்கள். சின்னக் கப்பல்கள் பாறைத்திட்டுக்கு மேலேயே வழுக்கிக்கொண்டு போகும், பெரிய கப்பல் தொடர்ந்து வந்தால் அடி கிழியும். மகன் ஆடும்போது நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே இடம் அது. குளச்சலிலும் கப்பல்கள் வெளியே நங்கூரம் போட்டு நிற்க, சரக்கும் ஆளும் சின்னப் படகில்தான் கரைக்கு வந்தார்கள். ஆடி மாதத்து அலையில் அது எப்பேர்ப்பட்ட வேலை என்று கொல்லங்கோட்டுக்காரருக்கு நான் சொல்ல வேண்டாம். தோணியின் அடியை மேலே தூக்குங்கள். உருவத்திலும் நீர்க்கோட்டைத் திருத்துங்கள், இப்போது பாதி உடம்பு தண்ணீருக்குள் கிடக்கிறது.

சரி, பீரங்கியே இல்லாமல் எப்படி? இரண்டு சின்ன சுழல்பீரங்கியைக் கப்பலின் முன்முனையான அணியத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஆளுக்கொன்றாகச் சமாளிக்கலாம். மீதி இருபத்திரண்டையும் வண்ணத்தில் தீட்டிவிடுங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை. வணிகக் கப்பல்கள் விலாவில் கறுப்பு வெள்ளையில் பொய்ப் பீரங்கி வாசல்களைத் தீட்டிக்கொண்டு கொள்ளையரை ஏமாற்றியது உண்மையாக இருந்த வழக்கம். குளச்சலில் பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி மாதிரி நிறுத்தினார்கள் என்று நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்வதும் அதே வித்தைதான். தூரத்தில் பார்க்கிறவன் அதைப் போர்க்கப்பல் என்று நினைத்து விலகிப் போனால் தோணி ஜெயித்துவிட்டது.

மரத்தின் நிறம் பற்றி ஒரு வார்த்தை. இப்போது சோபா செட்டுக்கு வார்னிஷ் அடித்த மாதிரி மின்னுகிறது. நம் கடற்கரை மரங்களுக்குப் பூசியது மீன் எண்ணெய். தூத்தூர் பக்கத்தில் சுறா ஈரல் எண்ணெய் பூசிய பழைய வள்ளம் ஏதாவது கிடந்தால் போய்ப் பாருங்கள். வெயில் பட்ட இடம் கறுத்து, கை பட்ட இடம் மட்டும் வழுவழுத்து இருக்கும். அடியில் சுண்ணாம்பும் கொழுப்பும் குழைத்த வெள்ளைப் பூச்சு கொடுங்கள்.

இடது பாதியைச் செய்து அப்படியே வலதுக்குப் பிரதி எடுத்திருக்கிறீர்கள், அது எல்லோரும் செய்வது. கோழிக்கோட்டுக்குப் பக்கத்துப் பேப்பூரில் உரு என்ற மரக்கப்பல் கட்டும் இடத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மேஸ்திரி கையில் காகிதம் கிடையாது. பலகையை முதலில் வளைத்து ஏற்றிவிட்டு, அந்த வளைவுக்குத் தோதான கோணல் மரத்தைத் தேடி எடுத்து, செதுக்கிச் செதுக்கி உள்ளே விலாவாகப் பொருத்துகிறார்கள். ஒரு ஆள் எண்ணெயில் தோய்த்த பருத்தித் திரியைப் பலகை இடுக்கில் வைத்து உளியால் இறுக்கிக்கொண்டே போகிறார், மத்தியானம் வரை அந்த ஒரு சத்தம்தான். ஐரோப்பாவில் பெரிய கப்பலுக்கு விலா முதலில், பலகை பிறகு. இதனால் தோணியின் உள்பக்க விலாக்கள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. சில ஆயிரம் முக்கோணங்களுக்குள் முழுக் கப்பலையும் அடக்க வேண்டிய 2003 விளையாட்டில் இது கண்ணுக்கே தெரியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று கேட்டீர்களே, இதைக் கொடுங்கள். கயிறுகளுக்கும் மெனக்கெட வேண்டாம். தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் பெயர் வைத்துக் கொடுத்தால் விளையாட்டே கட்டிக்கொள்கிறது என்று மகன் சொல்கிறான்.

கடைசியாக, அந்த நண்பர் கேட்ட கேள்வி. கரீபியனில் இந்தியக் கப்பலுக்கு என்ன வேலை?

1698 ஜனவரி 30 அன்று, நம் வீட்டிலிருந்து வடக்கே கொச்சிக்கு அப்பால், கடற்கொள்ளையன் என்று பெயரெடுத்த கேப்டன் கிட் பிரெஞ்சுக் கொடியை ஏற்றி ஏமாற்றி 'கெடா மெர்ச்சன்ட்' என்ற கப்பலைப் பிடித்தான். சூரத்தில் கட்டிய கப்பல். ஆர்மீனிய வணிகர்களின் சரக்கு: பட்டு, மஸ்லின், சர்க்கரை, வெடியுப்பு. கிட்டின் சொந்தக் கப்பல் 'அட்வெஞ்சர் கேலி' ஒழுகி ஒழுகி மடகாஸ்கரோடு படுத்துவிட்டது. எனவே அவன் இந்தச் சூரத்துக் கப்பலிலேயே அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் கடலுக்குப் போனான். ஹிஸ்பானியோலா தீவின் கரையில் அதை விட்டுவிட்டு வடக்கே போனவனைப் பிடித்து 1701-இல் லண்டனில் தூக்கில் போட்டார்கள். கப்பலைக் காவலுக்கு விட்ட ஆட்களே கொள்ளையடித்துக் கொளுத்திவிட்டார்கள். அதன் மிச்சம் 2007-இல் டொமினிக்கன் குடியரசின் கட்டாலினா தீவை ஒட்டி, கரைக்கு மிகப் பக்கத்தில், மூன்று மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. தேக்கு மரம். பலகை விளிம்புகளில் பள்ளம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய இந்திய வேலைப்பாடு. அடையாளம் காண அதுவும் உதவியது.

ஆகவே நண்பரிடம் சொல்லுங்கள், அந்தக் கடலில் நிஜமாகவே போய்ச் சேர்ந்த இந்தியக் கப்பல் ஒன்று உண்டு. அந்த விளையாட்டின் காலத்துக்கு அது உங்கள் தோணியைவிடப் பொருத்தம்கூட. தோணிப் படம் பிந்தைய காலத்தது, முன்பாயைப் பார்த்தாலே தெரிகிறது. தோணியை விட்டுவிடச் சொல்லவில்லை. மூன்றாவதாகக் கெடா மெர்ச்சன்டைச் செய்யுங்கள். ஆட்டத்தோடு கொடுக்கும் விளக்கக் கோப்பில் எது சான்றிலிருந்து எடுத்தது, எது உங்கள் ஊகம் என்று வரிக்கு வரி எழுதிவிடுங்கள். தோணிக்கும் அதேபோல. அப்புறம் யாரும் காமெடி என்று சொல்ல மாட்டார்கள், சொன்னால் கோப்பைத் திறந்து காட்டலாம்.

டச்சுக் கப்பலைச் சுருக்கி முதலில் அனுப்பிவையுங்கள். மகன் ஓணம் விடுமுறைக்கு வருகிறான், அவன்தான் நிறுவித் தர வேண்டும். துறைமேடையில் இடிக்கிறதா என்று நானே ஓட்டிப் பார்க்கிறேன்.